140 பேர்ல 30 பேரை எடுக்கணும்: ரெண்டு லிஸ்ட், நடுவுல அம்பு தேவையா?

கேள்வி | 2024 பிப்ரவரி 6, மாலை 4.12

ஒரு ஸ்க்ரீன்ல 140 பேர்ல இருந்து 30 பேரைத் தேர்ந்தெடுக்கணும். இடப்பக்கம் ஒரு லிஸ்ட், வலப்பக்கம் ஒரு லிஸ்ட், நடுவுல பெயரை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்த அம்புக்குறி பட்டன் வச்சுப் பண்ணுன்னு டீம் லீட் சொல்றார். எனக்கு அது விண்டோஸ் 95 காலத்து சாமானாத் தெரியுது. செக்பாக்ஸ் வச்ச ஒரே லிஸ்ட் போதாதா? இன்னும் யாராவது இதை வச்சுக்கிட்டு இருக்கீங்களா?

2024 பிப்ரவரி 6, இரவு 9.30

வச்சுக்கிட்டு இருக்கேன். எட்டு வருஷமா. ஒரு காலேஜுக்குத் தேர்வு அறை கண்காணிப்பு டூட்டி போடுற சாஃப்ட்வேர். இடப்பக்கம் எல்லா ஆசிரியர்களும், வலப்பக்கம் இன்னைக்கு டூட்டி உள்ளவங்க.

முதல்ல செக்பாக்ஸ்தான் வச்சேன். பெட்டிக்குள்ள ஒரு நேரத்துல பத்துப் பன்னிரண்டு பேர்தான் கண்ணுல படுவாங்க. 28 பேரை டிக் பண்ணிட்டு, யார் யாரைப் பண்ணினோம்னு பார்க்க 140 வரியையும் மேலயும் கீழயும் உருட்டணும். டூட்டி போடுற ஆபீஸ் அக்கா பக்கத்துல ஒரு பேப்பர் வச்சு, டிக் பண்ணப் பண்ண பெயரை எழுதிக்கிட்டே வந்தாங்க. அந்தப் பேப்பர்தான் வலப்பக்க லிஸ்ட். அவங்க கையால எழுதிக்கிட்டு இருந்ததை நான் ஸ்க்ரீனுக்குக் கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

20 பேருக்கு மேல போனா ரெண்டு லிஸ்ட். கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க.

2024 பிப்ரவரி 6, இரவு 9.51

அந்த 20 எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்காதீங்க. எழுதும்போது வாயில வந்த நம்பர்.

2024 பிப்ரவரி 7, காலை 7.15

கூகுள்ல தேடினா எதுவும் கிடைக்கலைன்னு சொல்றீங்க. கிடைக்காது. ஒரே பெட்டிக்கு ஊருக்கு ஒரு பெயர், ஊர்னா இங்க சாஃப்ட்வேர். ஆன்ட் டிசைன்ல ட்ரான்ஸ்ஃபர். பிரைம்ஃபேசஸ்ல பிக்லிஸ்ட். ஆரக்கிள் அபெக்ஸ்ல ஷட்டில். சர்வீஸ்நவ்ல ஸ்லஷ்பக்கெட், அதாவது சகதி வாளி. ஏன்னு யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. சேல்ஸ்ஃபோர்ஸ் டிசைன் சிஸ்டத்துல டூயலிங் பிக்லிஸ்ட். இரட்டைன்னு அர்த்தம் வர்ற டூயல் இல்லை இது, ரெண்டு பேர் துப்பாக்கி எடுத்துக்கிட்டு எதிரெதிரா நிக்கிற டூயல். ஒரு வாரம் பயன்படுத்தினா அந்தப் பெயரோட நியாயம் புரியும்.

எனக்குப் பிடிச்சது ஷட்டில், அதாவது தறி நாடா. நான் குமாரபாளையத்துக்காரன். தறியில நாடா இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வர்ற சத்தத்துலதான் வளர்ந்தேன்.

2024 பிப்ரவரி 8, மதியம் 1.40

"அம்புக்குறி எல்லாருக்கும் புரியும்"னு மேல ஒருத்தர் எழுதியிருக்கார். அவருக்காக இது.

2019 ஏப்ரல். செமஸ்டர் பரீட்சை. என் ஸ்க்ரீன்ல நடுவுல நாலு பட்டன்: ஒற்றை அம்பு, இரட்டை அம்பு, ரெண்டுக்கும் எதிர்ப்பக்கம் பார்க்கிற ஜோடி. மைக்ரோசாஃப்ட் அக்சஸ்னு ஒரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேர், அதோட விஸார்ட்ல (படிப்படியாக் கேட்டு வேலையை முடிக்கிற ஜன்னல்) பார்த்துப் பழகினது, யோசிக்காம அதையே போட்டுட்டேன். ஒற்றை அம்புன்னா ஒருத்தர், இரட்டை அம்புன்னா எல்லாரும். ப்ரோக்ராமர் எவனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்னைக்கு அக்காவுக்கு லிஸ்ட்டோட கடைசியில இருக்கிற ஒரு பெயர் வேணும். உருட்டிக்கிட்டு இருக்காம, பேங்க் ஸ்டேட்மென்ட் பார்க்கிற வெப்சைட்ல பண்ற மாதிரி இரட்டை அம்பை அமுக்கினாங்க. அங்க அதுக்குக் கடைசிப் பக்கம்னு அர்த்தம். இங்க 140 பேரும் டூட்டிக்குப் போயிட்டாங்க. இடப்பக்கம் காலி. நெட் ஸ்லோ, பக்கம் இன்னும் வரலைன்னு நினைச்சுக் கொஞ்ச நேரம் காத்திருந்திருக்காங்க. வலப்பக்கம் மேல பார்த்தா அவங்க ஏற்கெனவே சேர்த்த 27 பெயர்ல முதல்ல உள்ளவங்க வரிசையா அப்படியே இருக்காங்க. பெட்டியில தெரியறது மேல உள்ள பன்னிரண்டு பெயர் மட்டும்தான், கீழ 113 பேர் புதுசா நிக்கிறது எப்படித் தெரியும்? சேவ் பண்ணி எஸ்எம்எஸ் அனுப்பிட்டாங்க.

அடுத்த நாள் காலையில 28 ஹாலுக்கு எண்பது பேருக்கு மேல வந்து நின்னாங்க. பிரசவ லீவுல இருந்த ஒரு மேடம் போன் பண்ணி அழாத குறை. அக்கா என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "தம்பி, ரெண்டு அம்பு போட்டா கடைசிக்குப் போகணுமா, எல்லாரும் போகணுமா? நீங்களே சொல்லுங்க."

என்ன சொல்றது? அக்சஸ் விஸார்ட்லயே பார்த்தீங்கன்னா, ஃபீல்டை நகர்த்த ஒரு அம்பு. அதே ஜன்னல்ல கீழ, அடுத்த பக்கம் போற நெக்ஸ்ட் பட்டன்லயும் அதே அம்பு. ஒரே குறிக்கு ரெண்டு வேலை. அதைப் பார்த்துக் காப்பி அடிச்சவன் நான்.

இப்ப பட்டன்ல எழுத்துதான். "டூட்டியில் சேர்", "டூட்டியிலிருந்து எடு". எல்லாரையும் நகர்த்துற பட்டனைத் தூக்கிட்டேன். அதுக்கப்புறம் அது வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்லை.

2024 பிப்ரவரி 8, மதியம் 2.05

கன்ஃபர்ம் கேட்கலையான்னு கேட்கிறவங்களுக்கு: கேட்டேன். ஓகே அமுக்கினாங்க. ஓகே எதுக்கு இருக்கு, அமுக்கத்தானே? அதுல "140 பேருக்கு எஸ்எம்எஸ் போகும்"னு ஒரு நம்பர் போட்டிருந்தா நின்னிருப்பாங்க. நான் போட்டது "நிச்சயமா?"

2024 பிப்ரவரி 11, இரவு 11.20

ஞாயித்துக்கிழமை. "ரெண்டு செலக்ட் பெட்டி வச்சு நானே எழுதிட்டேன், சேவ் பண்ணா வலப்பக்கம் காலியாப் போகுது"ன்னு ஒருத்தர் தனியாக் கேட்டிருக்கார். இந்தக் குழியில விழாதவங்க குறைவு.

எச்டிஎம்எல்ல, அதாவது வெப் பக்கம் எழுதுற மொழியில, செலக்ட் பெட்டிக்குள்ள (பெயர்களைக் காட்டித் தேர்வு பண்ண விடுற பெட்டி) ஒரு பெயர் இருக்கிறதாலேயே அது சர்வருக்குப் போயிடாது. நீலமாத் தேர்வாகி இருந்தால்தான் போகும். நமக்கு வலப்பக்கம் வந்தாலே தேர்வானது; பிரவுசருக்கு அது வெறும் ஆப்ஷன். அதனால சேவ் ஆகுறதுக்கு ஒரு கணம் முன்னாடி வலப்பக்கத்துல உள்ள அத்தனையையும் ஜாவாஸ்க்ரிப்ட் தேர்வு பண்ணி அனுப்பணும். ஜாங்கோன்னு வெப்சைட் கட்டுற ஒரு கருவி, அதோட அட்மின்ல யூசருக்கு பெர்மிஷன் கொடுக்கிற பக்கத்துல இந்த ரெண்டு பெட்டி இருக்கே, அதோட கோடைத் திறந்து பாருங்க, இதையேதான் பண்ணியிருப்பாங்க.

அதுல இன்னொரு சின்ன புத்திசாலித்தனம் உண்டு. வலப்பக்கத்துக்கும் தேடல் கட்டம் கொடுத்த பிறகு, தேடலால மறைஞ்ச பெயர்கள் பெட்டியிலேயே இருக்காது. அப்படியே சேவ் ஆனா அவங்க காலி. அதனால முதல்ல தேடலைத் துடைச்சு எல்லாரையும் வரவழைச்சுட்டு, அப்புறம் தேர்வு பண்ணி அனுப்புறாங்க. யாரோ ஒருத்தர் ஒரு நாள் ராத்திரி தூக்கம் கெட்டு எழுதின வரியா இருக்கும்.

2024 பிப்ரவரி 12, காலை 8.02

மறைஞ்ச பெயர்னதும் ஞாபகம் வந்துடுச்சு. என்னோட மிக மோசமான பக் இதுதான், எஸ்எம்எஸ் கதை இல்லை. அது சத்தம் போட்டுச்சு. இது ரெண்டு மாசம் வாயே திறக்கலை.

வேற ஒரு ஸ்க்ரீன். துறைவாரியா ஆசிரியர்களைச் சேர்க்கிறது. லீவுல இருக்கிறவங்க கண்ணுல பட வேண்டாம்னு காலேஜ்ல கேட்டாங்க. சரின்னு "வேலையில் இருப்பவர்கள் மட்டும்"னு ஒரு ஃபில்டர் போட்டேன். இடப்பக்கத்துக்குத்தான் நினைச்சுப் போட்டேன், ஆனா ரெண்டு பக்கத்துக்கும் பெயரை டேட்டாபேஸ்ல இருந்து எடுக்கிறது ஒரே க்வெரி. நீண்ட லீவுல போனவர் வலப்பக்கத்துலயும் தெரியமாட்டார். யாரோ வேற யாரையோ சேர்க்க அந்தப் பக்கத்தைத் திறந்து சேவ் பண்ணுவாங்க. வலப்பக்கத்துல இருக்கிறதுதான் உண்மைன்னு சர்வர் நம்பும், இல்லாதவங்களை அழிச்சுடும். எரர் கிடையாது. "சேமிக்கப்பட்டது"ன்னு பச்சைக் கலர்ல வேற சொல்லும்.

லீவு முடிஞ்சு வந்தவர் எந்தத் துறையிலயும் இல்லை. ஏழு பேர். யார் எடுத்தான்னு கேட்டா, எடுத்தவங்க யாருமே இல்லை.

அன்னைக்குத்தான் இந்தப் பெட்டியோட கோணல் புரிஞ்சது. கையால பண்றது நகர்த்துறது: இவரைச் சேர், அவரை எடு. சர்வருக்குப் போறது முழு லிஸ்ட். நகர்த்தினது எதுன்னு எங்கயும் பதிவே இல்லை. ரெண்டு பேர் ஒரே நேரத்துல திறந்து வச்சிருந்தா கடைசியா சேவ் பண்றவர் முதல் ஆளோட வேலையைத் தெரியாமலே அழிச்சுட்டுப் போவார். இப்ப நான் அனுப்புறது முழு லிஸ்ட் இல்லை, சேர்த்தவங்க இன்னார், எடுத்தவங்க இன்னார்னு ரெண்டு சின்ன லிஸ்ட். தொடாதவங்களை சர்வர் தொடாது. சேவ் பண்றதுக்கு முன்னாடி "3 பேர் சேர்ப்பு, 1 நீக்கம்"னு திரையிலயும் காட்டுறேன். இது 2019ல இருந்திருந்தா "113 பேர் சேர்ப்பு"ன்னு வந்திருக்கும்.

2024 பிப்ரவரி 12, காலை 8.20

ஷட்டில்ங்கிற பெயர் பிடிக்கும்னு முன்னாடி சொன்னேன். வாபஸ். தறி நாடா போற வழியெல்லாம் நூல் விட்டுட்டுப் போகும். இது ஒண்ணும் விடலை.

2024 பிப்ரவரி 15, இரவு 10.10

பெயர் வரிசை பத்திக் கேட்டது நல்ல கேள்வி. எடுத்த பெயரைத் திருப்பி இடப்பக்கம் அனுப்பினா அது கடைசியில போய் உட்காரக் கூடாது, அதோட பழைய இடத்துக்குப் போகணும். ஜாவாஸ்க்ரிப்ட்ல சும்மா அடுக்கச் சொன்னா தமிழ்ப் பெயர்கள் யூனிகோட் எண் (ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல உள்ள எண்) வரிசையில நிக்கும். கனகா, கமலா, கலா, கவிதான்னு வரும். ஏன்னா யூனிகோட்ல ந பக்கத்துலயே ன-வை வச்சிருக்காங்க. நாம பள்ளிக்கூடத்துல படிச்ச வரிசையில ன கடைசி. கமலா, கலா, கவிதா, அப்புறம்தான் கனகா. புள்ளி எழுத்தும் அப்படித்தான். சதீஷ் முன்னாடி வரும், சத்யா பின்னாடி. அகராதியில த்-க்கு அப்புறம்தான் த.

இன்ட்ல் கொலேட்டர்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத் தமிழ்னு சொல்லிக் கொடுத்தா சரியா அடுக்கும். ரெண்டு வரி வேலை. அது தெரியாம நான் உயிர்மெய் அட்டவணையைக் கையால எழுதி 200 வரி கோடு வச்சிருந்தேன். அதுல ழ-வும் ள-வும் இடம் மாறி இருந்தது தனிக் கதை.

2024 பிப்ரவரி 16, காலை 6.50

திருத்தம். "சரியா அடுக்கும்"னு எழுதிட்டேன். அகராதிக்குச் சரி. ஜெயந்தி, ஸ்டெல்லா, ஹரிணி எல்லாரும் ன-வுக்கும் பின்னாடி, லிஸ்ட்டோட அடியில போவாங்க. அக்காவுக்கு அது பிடிக்கலை. ஜெயந்தியை அவங்க ச பக்கத்துலதான் தேடுவாங்க; அவங்க வச்சிருக்கிற அட்டெண்டன்ஸ் நோட்டுல அப்படித்தான் இருக்கு. நோட்டு ஜெயிச்சது. தேடல் கட்டம் வச்ச பிறகு ரெண்டு பேருமே அதை மறந்துட்டோம்ங்கிறது வேற விஷயம்.

2024 பிப்ரவரி 20, மாலை 6.30

மொபைல். ஜாங்கோவோ எதுவோ, சாதாரண செலக்ட் பெட்டியை வச்சுக் கட்டியிருந்தா ஐபோன்ல லிஸ்ட்டே தெரியாது. பெட்டி சுருங்கி எத்தனை தேர்வுன்னு ஒரு எண் மட்டும் நிக்கும். ரெண்டு பெட்டி, ரெண்டு எண். அகலம் பத்தாம ஒண்ணு கீழ ஒண்ணு வந்த பிறகும் அம்பு வலப்பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கும், அங்க ஃபோனோட விளிம்புதான் இருக்கு.

"அம்பே வேண்டாம், இழுத்துப் போட்டா முடிஞ்சது"ன்னு சொல்றவங்களுக்கு: எங்க காலேஜ்ல பார்வையில்லாத ஆசிரியர் ஒருத்தர் என்விடிஏ (திரையில உள்ளதை வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) வச்சு இந்த ஸ்க்ரீனைப் பயன்படுத்துறார். அவர் எதை எங்கே இழுப்பார்? வெப் பக்கங்களை எல்லாரும் பயன்படுத்த முடியணும்னு 2023 அக்டோபர்ல வந்த டபிள்யூகேக் (WCAG) 2.2 விதிகள்லயே இருக்கு, இழுத்துப் பண்ற வேலையை இழுக்காமலும் பண்ண வழி இருக்கணும்னு.

பட்டன் இருந்தும் நான் சொதப்பினது வேற. அவர் ஒரு பெயர்ல நின்னு "சேர்" அமுக்குவார். பெயர் வலப்பக்கம் போயிடும். அவர் நின்ன இடமே காணாமப் போனதால ஃபோகஸ், அதாவது கீபோர்டு நிக்கிற இடம், பக்கத்தோட உச்சிக்குப் போயிடும். காதுல எதுவும் விழாது. சேர்ந்ததா இல்லையான்னு தெரியாம, மறுபடி மெனுவுல இருந்து டேப் டேப்னு தட்டிக்கிட்டு வருவார். ஒரு ஆளுக்கு நாற்பது தட்டு. "நீங்க எழுதினதை நீங்க ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு ஓட்டிப் பாருங்க சார்"னார். ஓட்டிப் பார்த்தேன். மூணாவது ஆள்ல விட்டுட்டேன். இப்ப ஃபோகஸ் அடுத்த பெயர்ல நிக்கும், "ஒருவர் சேர்ந்தார், மொத்தம் 12"னு வாசிச்சும் காட்டும். அந்த மொத்தக் கணக்கு கண் தெரியிறவங்களுக்கும் தேவைப்பட்டுச்சு, பெட்டி மேலயே போட்டுட்டேன்.

2024 பிப்ரவரி 21, காலை 9.00

கன்ட்ரோல் பிடிச்சுக்கிட்டுக் க்ளிக் பண்றது பத்தி எழுதலையேன்னு கேட்டிருக்கீங்க. எழுதமாட்டேன். பத்துப் பேரைத் தேர்வு பண்ணிட்டுப் பதினோராவது ஆளுக்குக் கன்ட்ரோலை விட்டுட்டு க்ளிக் பண்ணி, முதல் பத்துத் தேர்வும் போனவங்க முகத்தைப் பார்த்தவங்க யாரும் அதை வைக்கமாட்டாங்க.

2024 மார்ச் 3, இரவு 8.45

மூணு வாரமா எழுதினதைத் திருப்பிப் படிச்சேன். முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு. எண்ணிக்கைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

போன வாரம் பரிசோதனைக்கு ஒரே லிஸ்ட் பண்ணிப் பார்த்தேன். செக்பாக்ஸ், மேல தேடல், "தேர்வானவர்கள் மட்டும்"னு ஒரு பட்டன், பக்கத்துல எண்ணிக்கை. நான் செக்பாக்ஸ் மேல சொன்ன புகார் எல்லாம் அதுல அடங்கிடுச்சு. துறை ஸ்க்ரீனுக்கு அதை வச்சேன், அக்கா ஒண்ணும் சொல்லலை. அவங்க ஒண்ணும் சொல்லலைன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். டூட்டி ஸ்க்ரீனுக்கும் அதையே வச்சேன். பத்து நிமிஷத்துல போன். "தம்பி, வரிசையை எங்க மாத்துறது?"

வரிசைதான். வலப்பக்கத்துல முதல்ல இருக்கிறவர் ஒண்ணாம் ஹாலுக்குப் போறார், ரெண்டாவது ஆள் ரெண்டாம் ஹாலுக்கு. கணவன் மனைவி பக்கத்துப் பக்கத்து ஹால்ல வேண்டாம், முட்டி வலி உள்ளவர் மாடியில வேண்டாம், இதெல்லாம் அக்கா அந்த வலப்பக்க லிஸ்ட்லதான் பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. மேலே, கீழே பட்டனைச் சும்மா அழகுக்கு வச்சிருந்தேன்னு நினைச்சேன்.

விண்டோஸ் 95 சாமான்னு கேள்வியில சொன்னீங்களே, அந்தக் குடும்பத்துலயே பதில் இருக்கு. விண்டோஸ் எக்ஸ்பி எக்ஸ்ப்ளோரர்ல டூல்பாரை (மேல இருக்கிற பட்டன் வரிசையை) மாத்துற பெட்டி ஞாபகம் இருக்கா? இடப்பக்கம் கிடைக்கிற பட்டன்கள், வலப்பக்கம் இப்ப உள்ளவை, நடுவுல ஆட், ரிமூவ். அதோட மூவ் அப், மூவ் டவுனும் இருக்கும். டூல்பார்ல எது எதுக்குப் பக்கத்துலங்கிறதுதானே முக்கியம். சர்வீஸ்நவ் சகதி வாளியும் பெரும்பாலும் டேபிள்ல எந்த நெடுவரிசை எங்கே வரணும்னு அடுக்கத்தான். இடப்பக்கம் ஒரு குவியல், வலப்பக்கம் ஒரு வரிசை. வலப்பக்கத்துக்குன்னு சொந்தமா ஒரு வரிசை இருந்தா ரெண்டு பெட்டி வேணும். இல்லைன்னா நீங்க சொன்னதுதான் சரி, செக்பாக்ஸ் போதும்.

(அந்த எக்ஸ்பி பெட்டியில செபரேட்டர்னு ஒண்ணு இருக்கும். எத்தனை தடவை வலப்பக்கம் அனுப்பினாலும் இடப்பக்கத்துல குறையாது. சின்ன வயசுல அதை இருபது தடவை அனுப்பி டூல்பார் முழுக்கக் கோடு போட்டிருக்கேன்.)

அது சரி, உங்க 30 பேர் எதுக்கு? ஒரு மாசமா அதை யாரும் கேட்கவே இல்லை, நானும்தான்.

2024 மார்ச் 4, காலை 7.30

பஸ் பாஸ் புதுப்பிக்கிறவங்களா? அதுல யார் முதல்ல யார் கடைசின்னு என்ன இருக்கு? செக்பாக்ஸ் வைங்க. டீம் லீட்கிட்ட மேல உள்ள எஸ்எம்எஸ் கதையைக் காட்டுங்க.

2024 மார்ச் 9, மாலை 5.15

இன்னைக்குக் காலேஜுக்குப் போயிருந்தேன். நோட்டீஸ் போர்டுல டூட்டி லிஸ்ட் பிரின்ட் ஒட்டியிருந்தது. 4-க்கும் 19-க்கும் நடுவுல ஓரமா அக்கா பேனாவால வளைச்சு ஒரு கோடு போட்டு, ரெண்டு முனையிலயும் அம்பு வச்சிருந்தாங்க. ரெண்டு பேரும் இடம் மாறிக்கணும். இதை ஏன் ஸ்க்ரீன்லயே பண்ணலைன்னு கேட்டேன். பண்ணிக் காட்டினாங்க. 19-ல இருக்கிறவரை 4-க்குக் கொண்டு வர மேலே பட்டனைப் பதினஞ்சு தடவை. அதுல 4-ல இருந்தவர் அஞ்சுக்குத்தான் இறங்கினார், அவரை 19-க்கு அனுப்பக் கீழே பட்டனைப் பதினாலு தடவை. ஒவ்வொரு அமுக்குக்கும் என் முகத்தைப் பார்த்தாங்க.

ஊருக்கு வர்ற பஸ்லயே எழுத ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு பேரைத் தேர்வு பண்ணா மட்டும் வர்ற ஒரு பட்டன். "இடம் மாற்று"ன்னு எழுத்துலதான் போட்டிருக்கேன். அம்பு வைக்கலை.